சொன்னவளுக்கே தண்டனை

மாணவர் ஆலோசகர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரப் பயிற்சியிலேயே ஒரு வாக்கியம் சொல்லித் தந்திருப்பார்கள்: கவலைப்படும்படி ஏதாவது காதில் விழுந்தால் உடனே மேலே தெரிவியுங்கள். நல்ல வாக்கியம்தான். நானே பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தெரிவித்த பிறகு மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அந்தப் பயிற்சியில் யாரும் சொல்வதில்லை. அதை நான் சொல்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என்னை யாரும் எந்தக் கமிட்டியிலிருந்தும் நீக்க முடியாது.

நான் மாணவர் ஆலோசகராக வேலை பார்த்தது நியூஜெர்சியில் ஒரு சிறிய தனியார் கல்லூரி. லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்பார்கள். ஒரு மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து பேசிப் பேசியே படிப்பார்கள். வேதியியல் படிக்கிற பையன் மறுபக்கம் லத்தீனும் படிப்பான். நம் ஊர்ப் பெற்றோருக்கு இது சுலபத்தில் பிடிபடாது. பிரிட்ஜ்வாட்டரில் கோயிலுக்குப் போனால் கார் பார்க்கிங்கிலேயே என்னை நிறுத்தி, "இதுல படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவாங்க ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். எனக்குச் சலித்ததே இல்லை. அந்தப் படிப்பின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது, இன்றும் இருக்கிறது. என் கோபம் படிப்பின் மேல் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கல்லூரிக்கு ஒரு பெருமை உண்டு. "இங்கே நாம் ஒரு குடும்பம்." நுழைவாயிலில் தொங்கும் துணியிலும் இருக்கும், தலைவர் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் வரும். பாதி உண்மைதான். ஒரே சாப்பாட்டுக் கூடம். பேராசிரியர் வீட்டுக்குப் பிள்ளைகள் சூப் குடிக்கப் போவார்கள். யாருக்குச் சளி, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெரிய பல்கலைக்கழகத்தில் தொலைந்துபோகிற பிள்ளை இங்கே தொலைந்துபோக முடியாது. அந்த வாக்கியத்தை நானும் நம்பினேன்.

யாழினி அங்கே இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். டெக்சஸில் சுகர் லேண்டில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா செந்தில், தாராபுரம் பக்கத்துக்காரர், ஹூஸ்டனுக்கு வெளியே ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பாதுகாப்புப் பொறியாளர். அம்மா கவிதா, மருத்துவமனை லேபில் வேலை. அவர்களுக்காக யாழினி உயிரியல் படித்தாள். தனக்காக நாடக அரங்கில் விளக்கு வேலை செய்தாள். ஏணியில் ஏறி விளக்குகளைத் திருப்பி வைப்பாள், பிறகு மேலே இருக்கிற சின்னக் கூண்டில் உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தை மாற்றுவாள். அதைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவாள், முழுக்க ஆங்கிலத்தில். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் அது வசதியாகவே இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவள் கொஞ்சம் கொஞ்சமாக வாடினாள். வகுப்புக்கு வருவது குறைந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். நான் கூப்பிட்டுப் பேசினேன். தூக்கம் வரவில்லை என்றாள். கல்லூரியின் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னேன், பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நடக்க வேண்டிய முறையில்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் மாலை டார்மில், அதாவது மாணவர் விடுதியில், தன் தளத்துக்குப் பொறுப்பாக இருந்த மூத்த மாணவி எமிலியிடம் யாழினி மனம் விட்டுச் சொல்லியிருக்கிறாள். சில நாள் காலையில் கண் விழிக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது என்று. எமிலிக்கும் இருபது இருபத்தொரு வயதுதான். பயந்துபோய், பயிற்சியில் சொன்னபடி உடனே மேலே தெரிவித்தாள். அவள் செய்தது சரி. யாழினி சொன்னதும் சரி. தப்பு அதற்குப் பிறகு ஆரம்பித்தது.

மறுநாள் காலையிலேயே மனநல ஆலோசனைப் பிரிவின் தலைவி யாழினியை அழைத்து விரிவாகப் பேசினார். பிறகு மாணவர் நலக் கமிட்டி கூடியது, அதில் இருந்த என்னையும் கூப்பிட்டார்கள். மாணவர் நலனுக்கான துணைத் தலைவர், டார்ம்களின் இயக்குநர், ஆலோசனைப் பிரிவின் தலைவி, நான். மேஜை நடுவில் ஒரு ஸ்பீக்கர் ஃபோன், அதில் கல்லூரியின் வழக்கறிஞர். உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது, முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. யாழினி மருத்துவ விடுப்பில் வீட்டுக்குப் போக வேண்டும். மாலைக்குள் டார்மைக் காலி செய்ய வேண்டும். கல்லூரி அனுமதிக்கும்வரை வளாகத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. இதை அவளே விரும்பிக் கேட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் ஆலோசனைப் பிரிவின் தலைவியைப் பார்த்துக் கேட்டேன். "நீங்கள்தானே அவளிடம் பேசினீர்கள். உங்கள் கருத்து என்ன?"

அவர் மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். "உடனடி ஆபத்து எதுவும் இல்லை. அவளுக்கு உதவி தேவை. அதை வாங்கிக்கொள்ள அவள் தயாராக இருக்கிறாள்."

"பிறகு எதற்கு இது?"

ஃபோனிலிருந்து பதில் வந்தது. ஏதாவது நடந்துவிட்டால், தெரிந்தும் ஏன் வைத்திருந்தீர்கள் என்று கல்லூரியைக் கேட்பார்களாம்.

"தனியாகப் போகிற வழியில் நடந்தால்? வீட்டில் போய் நடந்தால்?"

அந்தக் குரல் மிக மென்மையாகச் சொன்னது. "அது நம்முடைய வளாகத்துக்கு வெளியே."

அந்த வாக்கியத்தைக் கேட்டு அறையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. குடும்பம் என்று எழுதி வாசலில் தொங்கவிட்டவர்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றதும் எந்த வாசலுக்கு வெளியே விழுந்தால் நமக்குப் பொறுப்பில்லை என்று யோசிக்கிறார்கள்.

துணைத் தலைவர் என் பக்கம் திரும்பினார். மரியாதையான மனிதர், என்றைக்கும் குரலை உயர்த்தாதவர். "நீங்கள் அவளுடைய மொழி பேசுகிறவர். அந்தக் குடும்பத்தின் பண்பாடு உங்களுக்குத் தெரியும். நீங்களே அவளிடமும் பெற்றோரிடமும் எடுத்துச் சொன்னால் சுமுகமாக முடிந்துவிடும்" என்றார்.

இதை உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். நம் முகத்தையும் பெயரையும் வைத்து நமக்கு இப்படிச் சில வேலைகள் வரும். வரவேற்பு விழாவில் புடவை கட்டி நிற்கச் சொன்னால் நிற்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு பெண்ணை வெளியே தள்ளுவதற்கு என் தமிழ் வேண்டும் என்கிறார்கள். வலிக்காமல் தள்ளுவதற்கு. என் தாய்மொழியை நான் அதுவரை யாருக்கும் வாடகைக்கு விட்டதில்லை.

"அவளைப் பற்றித்தானே பேசுகிறோம், அவளை இங்கே கூப்பிடுங்கள்" என்றேன்.

"இந்தக் கூட்டம் அவளை இன்னும் பாதிக்கும்" என்றார் துணைத் தலைவர்.

நான் எழுந்து வெளியே போனேன்.

முன்னறையில் யாழினி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வளாகக் காவலர்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் காலடியில் ஒரு பை. அவள் கட்டிய பை இல்லை, அவள் அறையைத் திறந்து வேறு யாரோ அவசரத்தில் துணிகளைத் திணித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு ஸ்வெட்டரின் கை வெளியே தொங்கியது. முன்னறையைக் கடந்து போகிற பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்தச் சிறிய கல்லூரியில் மதியத்துக்குள் அது எங்கெல்லாம் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எப்போதும் ஆங்கிலமே பேசுகிற பெண் அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"ஆன்ட்டி, நான் என்ன தப்பு பண்ணேன்?"

காவலர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்பதை மூடி மறைக்காமல் சொன்னேன். பாதி சொல்லி மீதியை விழுங்குவது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும், அதுவே அவர்களை இன்னும் பயமுறுத்தும்.

"நீ ஒரு தப்பும் பண்ணலை. இன்னைக்கு எதுலயும் சைன் பண்ண வேண்டாம். யோசிக்க டைம் வேணும்னு சொல்லு. அதைக் கேக்க உனக்கு உரிமை இருக்கு" என்றேன். பிறகு நேரடியாகவே கேட்டேன். "யாழினி, நீ இப்ப சேஃபா இருக்கியா? எங்கிட்ட மறைக்காத."

"ஐ ஆம். ஐ ஜஸ்ட் வான்டட் டு டெல் சம்படி" என்றாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் வளாகத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில பேருக்கு மருத்துவமனைதான் இடம், சில பேருக்கு வீடு. அப்படிப்பட்டவர்களோடு நானே ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன். அதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவர் அந்தத் துறை தெரிந்தவர். அவர் பேசி முடித்துத் தீர்மானமும் சொல்லிவிட்டார். அதற்கு மேலே ஒரு ஃபோன் குரல் உட்கார்ந்துகொண்டது என்பதுதான் என் புகார்.

யாழினியின் சம்மதத்தோடு அவளுடைய அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருந்தார். ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்றேன். பெட்ரோல் போடுகிற ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, வேலையில் இருந்த கவிதாவையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன்.

செந்தில் முதலில் கேட்டது இதுதான். "அதை ஏனுங்க மேடம் வெளிய போய்ச் சொன்னா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கவிதா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "வேற யாருக்காவது தெரியுமா மேடம்? இங்க நம்ம ஆளுங்க பசங்களும் அங்க ரெண்டு பேரு படிக்கறாங்க. அவங்க அம்மாங்க எல்லாம் என்னோட வாட்ஸ்ஆப் க்ரூப்ல இருக்காங்க."

அறைக்குள் அடக்கி வைத்திருந்த கோபம் எல்லாம் அந்த இரண்டு பேர் மேல் வந்தது. குரலை உயர்த்தவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். "கவிதா, உங்க பொண்ணு மனசுல இருக்கறதை ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கா. அதுக்காகத்தான் இங்க எல்லாரும் சேர்ந்து அவளுக்குப் பனிஷ்மென்ட் குடுத்துட்டிருக்காங்க. நீங்களும் அவங்களோட சேர்ந்துக்காதீங்க."

கேஸ் ஸ்டேஷனில் யாரோ கார் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு செந்தில், "அவகிட்ட ஃபோனைக் குடுங்க" என்றார்.

என்ன பேசுவாரோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்தது. "யாழு, நான் கிளம்பி வரேன். நான் வர்ற வரைக்கும் யார் என்ன சொன்னாலும் அந்த இடத்தை விட்டு நகராத." அவ்வளவுதான் சொன்னார். யாழினி "ஓகேப்பா" என்றாள், பிறகு அழ ஆரம்பித்தாள். அவள் அப்படி அழுதது நல்லது என்றே எனக்குத் தோன்றியது.

திரும்ப அறைக்குள் போனேன். "அவள் கையெழுத்துப் போட மாட்டாள். அவளுடைய அப்பா வருகிறார். அதுவரை அவள் தன் அறையில்தான் இருப்பாள். வெளியே அனுப்பித்தான் தீருவீர்கள் என்றால், அவள் விரும்பிப் போனதாக எழுதாதீர்கள். நாங்கள் அனுப்புகிறோம், இன்ன காரணம் என்று உங்கள் பெயரில் எழுதுங்கள்" என்றேன்.

துணைத் தலைவர் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "நீங்கள் யார் பக்கம்?"

"என் பதவியின் பெயரில் மாணவர் என்ற சொல் இருக்கிறது. உங்களுடையதிலும் இருக்கிறது."

இப்படிப் பேசுவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும் என்று நினைக்காதீர்கள். நான் பயந்துகொண்டேதான் பேசினேன். ஆனால் ஒருவர் பேசிவிட்டால் இன்னொருவருக்கும் வாய் வரும். அதுவரை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்த ஆலோசனைப் பிரிவின் தலைவி நிமிர்ந்தார். "நான் இன்று மாலையும் நாளைக் காலையும் அவளைப் பார்க்கிறேன். என் பொறுப்பு. அவள் இங்கேயே இருக்கலாம் என்பது என் மருத்துவக் கருத்து. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றார். ஃபோனில் இருந்த வழக்கறிஞர் உடனே குரலை மாற்றிக்கொண்டார். பெற்றோர் வரும்வரை பொறுத்திருக்கலாம் என்றார். பதிவு என்ற சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

செந்தில் மறுநாள் வந்து சேர்ந்தார். ஆலையின் பெயர் போட்ட சட்டையோடு, கையில் ஒரு பையுடன் நேராக என் அறைக்கு வந்தார். முதலில் போய் மகளைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். இருவரும் வளாகத்தை நெடுநேரம் சுற்றி வந்தார்கள். என் ஜன்னலிலிருந்து பார்த்தேன், பனியில் கால் வழுக்காமல் இருக்க அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார், அவள் பேசிக்கொண்டே வந்தாள். பிறகு துணைத் தலைவரிடம் போனோம். இந்த முறை யாழினியும் அறைக்குள் இருந்தாள்.

நம் ஊர்க்காரர்கள் இம்மாதிரி இடத்தில் ஒன்று கெஞ்சுவார்கள், இல்லையென்றால் கத்துவார்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். செந்தில் இரண்டும் செய்யவில்லை. துணைத் தலைவர் கல்லூரியின் அக்கறையைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தாராபுரத்து ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். எனக்கு நினைவிருக்கிறபடி சொல்கிறேன்.

"எங்கள் ப்ளான்ட்டில் ஓர் ஆபரேட்டர் வந்து, இந்த பம்ப்பின் சத்தம் சரியில்லை என்று சொன்னால் அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். பம்ப்பைப் பார்ப்போம். ஒரு முறை அவரை வீட்டுக்கு அனுப்பினால் போதும், அடுத்தவர் யாரும் வந்து சொல்ல மாட்டார். எல்லாம் அமைதியாக இருக்கும். பிறகு ஒரு நாள் வெடிக்கும். என் வேலையே அந்த அமைதியைப் பார்த்துப் பயப்படுவதுதான்."

பிறகு மகளைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "நேத்து ஃபோன்ல நானும் அதைத்தான் கேட்டேன், நீ ஏன் வெளிய சொன்னேன்னு. தப்பு. நீ சொன்னது நல்லதுதான்."

யாழினி டார்மில் தங்கலாம் என்று முடிவானது. பாடங்களைக் குறைத்துக்கொள்வது, வெளியே ஒரு டாக்டரைப் பார்ப்பது, வாரா வாரம் ஆலோசனை. இவையெல்லாம் நியாயமானவை, அவளும் ஒப்புக்கொண்டாள். கவிதாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சில வாரம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினாள். அந்த வாட்ஸ்ஆப் க்ரூப்பில் கேட்டவர்களுக்கு, பொண்ணுக்கு மனசு சரியில்லை, கூட இருக்கேன் என்று தானே எழுதிவிட்டதாக என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்துத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு உறைத்தது.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் கல்லூரி தோற்றுப்போன இடத்தில் சும்மா இருக்காது. நிபந்தனைகளில் ஒன்றைக் கடைசியில் சேர்த்தார்கள்: நாடக அரங்கில் அவள் வேலை செய்யக் கூடாது. ஏணி இருக்கிறது, உயரம் இருக்கிறது என்றார்கள். ஏணியில் ஏற வேண்டாம், கீழே உட்கார்ந்து விளக்கை இயக்கட்டும் என்று நாடகப் பேராசிரியர் கேட்டுப் பார்த்தார். நான் கேட்டேன். ஆலோசனைப் பிரிவின் தலைவியும் அது அவளுக்கு நல்லது செய்கிற இடம் என்று சொன்னார். முடியாது என்றால் முடியாதுதான். அந்தப் பிள்ளை அந்தக் குளிர்காலம் முழுவதும் தானாக விரும்பிப் போன ஒரே இடம் அது. அதைப் பறித்துவிட்டு அதற்கும் பாதுகாப்பு என்று பெயர் வைத்தார்கள். வசந்தகால நாடகத்தை அவள் பார்வையாளர்களோடு உட்கார்ந்துதான் பார்த்தாள். வேறு யாரோ வெளிச்சத்தைத் தவறான இடத்தில் மாற்றியபோது பக்கத்தில் இருந்த எனக்கு அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தப் போரில் நாங்கள் தோற்றோம். அதை வெற்றி என்று என்னால் எழுத முடியவில்லை.

என்னையும் அந்தக் கமிட்டியிலிருந்து நீக்கினார்கள். பொறுப்புகளை மறுசீரமைக்கிறோம் என்று சொன்னார்கள். யாழினி பட்டம் வாங்கினாள், ஒரு வருடம் தாமதமாக, சிரித்த முகத்தோடு. கடைசி ஆண்டில் மறுபடியும் விளக்குக் கூண்டுக்கு அனுமதித்தார்கள். அதுவரை தடுத்து வைத்ததற்காக யாரும் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது எமிலியைப் பற்றி. அந்த முதல் நாள் மேலே தெரிவித்த மூத்த மாணவி.

காவலர்கள் யாழினியை அழைத்துப் போனதை அவள் தன் கண்ணால் பார்த்தவள். பையில் துணிகளைத் திணிக்கும்போது கதவைத் திறந்துவிடச் சொன்னதும் அவளைத்தான். பயிற்சியில் சொன்னதைச் செய்ததற்கு அவளுக்குக் கிடைத்தது அது. தளத்தில் இருந்த பிள்ளைகள் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். யாழினி அவளை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை.

நாடகம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு மதிய வேளையில் எமிலி என் அறைக்கு வந்தாள். அடுத்த ஆண்டுப் பாடங்களைப் பற்றிக் கேட்க வந்ததாகச் சொன்னாள். கேட்டாள், நான் சொன்னேன். எழுந்து போகவில்லை. கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். மெலிந்திருந்தாள்.

கடைசியில் தலை நிமிராமல் கேட்டாள். "உங்களிடம் ஒன்று சொன்னால், என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களா?"

இந்த வேலையில் என்னை யாரும் அதைவிட மோசமாக அவமானப்படுத்தியதில்லை. அந்த அவமானம் முழுக்க நியாயமானது.

மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கொடுத்திருந்தால் பொய். அதனால் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். எதைக் கேட்டால் நான் மேலே சொல்லியே ஆக வேண்டும், எதை எனக்குள் வைத்துக்கொள்ளலாம், மேலே போனால் அங்கே யார் யார் உட்கார்ந்திருப்பார்கள், அவளுக்கு என்னென்ன கேட்க உரிமை உண்டு, எதில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. கல்லூரிக்கு வெளியே யாரிடம் பேசலாம் என்றும் சொன்னேன். "எது நடந்தாலும் அந்த அறைக்குள் உன்னோடு நான் வருவேன். உன்னை வெளியே உட்கார வைக்க விட மாட்டேன். இவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது" என்றேன்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து பேசினாள்.

எமிலி கேட்ட கேள்விக்கு உங்கள் அலுவலகத்தில் பதில் என்ன என்பதை இன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது தேடாதீர்கள். எமிலியாவது என் கதவுவரை வந்து கேட்டாள். யாழினியின் பையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே நடந்து போன பிள்ளைகளும் அந்தக் கல்லூரியில் இருந்திருப்பார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று கல்லூரியின் ஆண்டறிக்கையில் எழுதினார்கள்.